இடம் கேட்ட வளைகோடு

களஞ்சியம் என்றால் நெல் சேர்க்கும் இடம். பதரைத் தூற்றிவிட்டு மணியை உள்ளே கொட்டுவர். அறிவுக்கும் அப்படியொரு சேர்ப்பிடம் வேண்டும் என எண்ணியோர் அமைத்ததே கலைக்களஞ்சியம். நெல்லைத் தூற்றக் காற்று போதும். காற்றுக்கு வேண்டியவர் இல்லை, வேண்டாதவர் இல்லை. அறிவைத் தூற்றுவதற்கோ ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? அவர் கையிலுள்ள முறம் எத்தகையது? பதர் என்று அவர் வெளியே தள்ளியது மெய்யாகவே பதர்தானா? இவற்றைக் கேளாமல் எந்தக் களஞ்சியத்தையும் நாம் திறக்கலாகாது.

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் வழக்கு மிகச் சிறியதாகத் தோன்றும். கணிதத்தில் 'வயர்ஸ்ட்ராஸ் சார்பு' என்று ஒன்றுண்டு. தெருவில் செல்லும் நூறு பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவரும் அறியார். கல்லூரியில் கணிதம் பயின்றோரிலும் பலர் அதைப் பெயரளவில் கேட்டிருப்பரே அன்றி, நின்று நோக்கியிரார். யாரும் அறியாத இந்த ஒன்றுக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிக்கட்டுரை எதற்கு? காகிதமும் உழைப்பும் மக்களுக்குப் பயன்படும் பொருளுக்குச் செலவாகட்டுமே! இப்படிக் கேட்போர் அறிவின் பகைவர் அல்லர். பலர் நம் தோழர்களே. ஆகவே 'உங்களுக்கு விளங்காது' என்று கையை விரித்துவிட்டுப் போவது முறையன்று. கணக்கைக் காட்டித்தான் விடை கூறவேண்டும்.

இடம் யாருக்கு என்னும் சச்சரவு களஞ்சியத்தோடு கூடவே பிறந்தது. பிரான்சு நாட்டில் 1751-இல் முதல் தொகுதி வெளிவந்து, 1772-இல் முற்றுப்பெற்ற பெருங்களஞ்சியத்தை நம் தோழர்கள் பெயரளவிலேனும் அறிவர். எழுத்துத் தொகுதிகள் 17, படத்தொகுதிகள் 11, கட்டுரைகள் ஏறத்தாழ 72,000. தலைமைத் தொகுப்பாளர் தெனி தீதரோ, லாங்ரு நகரத்தில் கத்தி வடிக்கும் கம்மியரின் மகன். அரசவையில் பேசத் தகாதவை எனக் கருதப்பட்ட தொழில்களை எல்லாம் அவர் ஏட்டில் ஏற்றினார். காலுறை பின்னும் பொறியைப் பற்றி நீண்டதொரு கட்டுரையைத் தாமே எழுதினார். அகரவரிசை என்பது எவ்வளவு பொல்லாத வரிசை! அதில் அரசனுக்கென்று முன்னிருக்கை கிடையாது. எழுத்து எங்கே வருகிறதோ அங்கேதான் அவனும் நிற்கவேண்டும், பின்னலாடைப் பொறிக்குப் பின்னால் நின்றாலும் சரி. ஆத்திரம் வந்தது. 1752-இல் முதலிரண்டு தொகுதிகளுக்கும் அரசு தடை விதித்தது. 1759-இல் வெளியிடும் உரிமையையே பறித்தது. உரோமாபுரித் திருச்சபை அதை விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. இத்தனையையும் தாங்கித்தான் காலுறைப் பொறிக்கு இடம் கிடைத்தது.

ஆனால் அந்தக் களஞ்சியத்திலும் ஒரு கதவு மூடியே இருந்தது. கணிதப் பகுதியின் பொறுப்பாளர் தாலம்பேர். 1717-இல் பாரிசு நகரத்துத் தேவாலயம் ஒன்றின் படிக்கட்டில் பச்சைக்குழந்தையாகப் போடப்பட்டு, கண்ணாடி பொருத்தும் தொழிலாளி ஒருவரின் மனைவியால் வளர்க்கப்பட்டவர் அவர். பெரும் அறிஞர், கூரிய பகுத்தறிவாளர். 1747-இல், இழுத்துக் கட்டிய நரம்பு அதிரும் முறையைக் கணக்கிட்டு எழுதினார். அதைக் கண்ட ஆய்லர், அதிரத் தொடங்கும்போது நரம்பு எந்த வடிவில் இருந்தாலும் கணக்கு செல்லும் என்றார். யாழ் நரம்பை விரலால் இழுத்துப் பிடியுங்கள். விரல் பட்ட இடத்தில் ஒரு மூலை விழுகிறது அல்லவா? அந்த மூலையோடு கூடிய கோட்டையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது ஆய்லரின் வாதம். தாலம்பேர் மறுத்தார். ஒரே சமன்பாட்டுக்குள் அடங்கி, வழுவழுப்பாகச் செல்லும் கோடுகளுக்கே தம் கணக்கில் இடம் என்றார். பல ஆண்டுகள் இருவரும் வாதிட்டனர். படிக்கட்டில் போடப்பட்டு வளர்ந்தவர், காலுறைப் பொறிக்கு இடம் தந்த களஞ்சியத்தின் துணைத்தொகுப்பாளர், மூலையுள்ள ஒரு கோட்டுக்கு வாயிலைத் திறக்கவில்லை! யாழ் மீட்டுவோன் விரலில் நாள்தோறும் பிறக்கும் கோடு அது.

சார்பு என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுவோம். 'கட்சிச் சார்பு' என்னும்போது வரும் பொருள் வேறு. கணிதத்தில் ஒன்றைச் சார்ந்து மற்றொன்று நிற்கும் உறவே சார்பு. மணி ஏற ஏற வெயில் ஏறுகிறது. வெயில் நேரத்தைச் சார்ந்தது. சதுரத்தின் பரப்பு அதன் பக்கத்தைச் சார்ந்தது. அந்த உறவைத் தாளில் வரைந்தால் ஒரு கோடு கிடைக்கும். 1718-இல் யோகான் பெர்னூலியும் 1748-இல் ஆய்லரும், எழுத்தும் எண்ணும் கொண்டு அமைக்கப்பட்ட கோவையையே சார்பு என்றனர். 1829-இல் டிரிஷ்லே என்னும் செருமானியர், பின்னமாக எழுதக்கூடிய எண்களுக்கு ஒரு மதிப்பு, எழுத முடியாத எண்களுக்கு வேறொரு மதிப்பு என்று வரையவே இயலாத ஒரு சார்பைக் காட்டினார். சார்பு என்னும் சொல்லின் வேலி அகன்றது.

வேலி அகன்றும் ஒரு நம்பிக்கை அகலவில்லை. இடைமுறிவு இல்லாமல் செல்லும் கோடு எதுவாயினும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மூலைகளை ஒதுக்கிவிட்டால், மற்ற எல்லா இடங்களிலும் அதற்குத் தொடுகோடு வரையலாம் என்பதே அந்த நம்பிக்கை. மின்னோட்ட அளவைக்கு எவர் பெயரை இன்று வழங்குகிறோமோ, அந்த ஆம்பியர் 1806-இல் இதற்கொரு நிறுவல் எழுதினார். பெரியவர் எழுதினார், பாடநூல்கள் ஏற்றன, மாணவர் மனப்பாடம் செய்தனர். நிறுவல் பிழையானது. ஆனால் கண்ணால் காணும் கோடுகள் எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன என்று இருந்துவிட்டார்கள். கண் கண்டதை எல்லாம் உண்மை எனக் கொள்வதாயின் ஞாயிறு இன்றும் நிலவுலகைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். நாமும் கரும்பலகையின்முன் நிற்பவர்களாதலால் ஆசை தூண்டுகிறது. காரல் வயர்ஸ்ட்ராஸ் 1815-இல் செருமனியின் வெசுட்பாலியப் பகுதியில் பிறந்தார். அரசு அலுவலுக்குப் படிக்கட்டும் என்று தந்தை அவரைப் பான் நகருக்கு அனுப்பினார். மகனோ சட்டமும் படியாமல், வாட்போரிலும் மதுக்கடையிலும் நான்காண்டுகளைக் கழித்துப் பட்டமின்றித் திரும்பினார். பின்னர் ஆசிரியர் பயிற்சி பெற்று 1842 முதல் சிற்றூர்ப் பள்ளிகளில் வேலை பார்த்தார். கணிதம் மட்டுமா? கையெழுத்துப் பயிற்சியும் அவர் தலையில். உடற்பயிற்சியும் அவர் தலையில். பேசிப்பழக ஒரு கணிதரும் இல்லாத ஊர்களில், பகலெல்லாம் பிள்ளைகளுக்கு எழுத்தைத் திருத்திவிட்டு, இரவில் விளக்கைத் தூண்டி ஆராய்ந்தார். 1854-இல் பெர்லினில் அச்சான பெயர்பெற்ற கணித ஏட்டில் அவர் கட்டுரை வெளிவந்தபோது அறிவுலகம் திகைத்தது. கோனிக்சுபர்க் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 1856-இல் பெர்லினுக்கு அழைக்கப்பட்டபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இளமையில் செய்யாதவன் கணிதத்தில் எதுவும் செய்யான் என்று சொல்வோர் இந்த ஒருவரைக் கண்டும் காணாமல் போவர்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 1870-இல் உருசிய நாட்டிலிருந்து சோபியா கோவலேவ்சுகயா என்னும் இளம்பெண் அவரிடம் கற்க வந்தார். பெண் என்பதால் வகுப்பில் அமரப் பல்கலைக்கழகம் இசையவில்லை. வயர்ஸ்ட்ராஸ் பரிந்து பேசியும் பயனில்லை. வகுப்பில் சொன்னதை எல்லாம் அவர் அப்பெண்ணுக்குத் தனியே நான்காண்டுகள் கற்பித்தார். 1874-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தந்தது. மூடிய கதவுகளுக்குமுன் நிற்பவரை வயர்ஸ்ட்ராஸ் அறிந்திருந்தார்.

1872 ஜூலை 18 அன்று பெர்லின் அறிவியல் கழகத்தில் அவர் ஒரு சார்பை முன்வைத்தார். எளிய எண்களைக் கொண்டு அதை இங்கே கட்டிப் பார்ப்போம்.

ஒழுங்காக ஏறி இறங்கும் ஓர் அலையை வரையுங்கள். அதன் உயரம் 1 என்க. அதன்மேல் இரண்டாவது அலை ஒன்றை ஏற்றுங்கள்: உயரம் பாதி; ஆனால் முதலலை ஒருமுறை ஏறி இறங்கும் நேரத்தில் இது 13 முறை ஏறி இறங்கவேண்டும். மூன்றாவது அலையின் உயரம் கால். அதிர்வு 169 முறை. இப்படியே உயரத்தைப் பாதியாக்கி, அதிர்வைப் பதின்மூன்று மடங்காக்கி, முடிவில்லாமல் அலைமேல் அலை ஏற்றிக்கொண்டே போகவேண்டும். அலைகள் குவிந்து வானத்துக்குப் போய்விடுமோ? போகாது. 1, அரை, கால், அரைக்கால் என்று எத்தனை கூட்டினாலும் கூட்டுத்தொகை 2-ஐத் தாண்டாது. எனவே கோடு எங்கும் முறியவில்லை. பேனாவை எடுக்காமல் செல்லும் கோடுதான் அது.

இனிச் செங்குத்தைப் பாருங்கள். உயரம் பாதியாகி, அதிர்வு 13 மடங்கானால், அலையின் சரிவு ஆறரை மடங்கு கூடுகிறது. அடுத்த அலையில் 42 மடங்குக்கு மேல். ஆறாவது அலையின் உயரம் முப்பத்திரண்டில் ஒரு பங்கே; கண்ணுக்கே தெரியாது. அதன் சரிவோ முதலலையைப்போல் 11,600 மடங்கு. சிறுகச் சிறுகச் செங்குத்தாகும் இந்த அலைகள் எந்தப் புள்ளியிலும் கோட்டை ஒரு திசையில் நிற்கவிடுவதில்லை. நிலவுலகம் உருண்டை, ஆயினும் நம் காலடி தட்டையாகத் தோன்றுகிறது. ஏன்? வளைந்த பொருளின் சிறு துண்டை நெருங்கிப் பார்த்தால் அது நேராகிவிடும். அந்த நேர்கோடே தொடுகோடு. வயர்ஸ்ட்ராசின் கோட்டையோ நூறு மடங்கு, கோடி மடங்கு பெரிதாக்கினாலும் அது நேராவதில்லை. உள்ளே புதிய மலையும் புதிய மடுவும் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஒரு புள்ளியிலும், ஆம், ஒரே ஒரு புள்ளியிலும் தொடுகோடு கிடையாது. நாம் காட்டியது வழி மட்டுமே. அவர் காட்டியது ஓட்டையில்லாத நிறுவல். அதற்கு அவர் விதித்த நிபந்தனை, அந்த ஆறரை என்னும் எண் ஏறத்தாழ 5.71-க்கு மேல் இருக்கவேண்டும் என்பது. அவ்வளவு தேவையில்லை, 1-க்குக் குறையாதிருந்தாலே போதும் என்று 1916-இல் நிறுவினார் ஆர்டி. நம் இராமானுசனைக் கேம்பிரிட்சுக்கு வரவழைத்த அதே ஆர்டிதான்.

அந்த அவையில் வயர்ஸ்ட்ராஸ் வேறொரு செய்தியும் சொன்னார். மாமேதை ரீமன், இதைப்போல எங்கும் தொடுகோடில்லாத வேறொரு சார்பைத் தம் மாணவரிடம் குறிப்பிட்டதாகக் கேள்வி என்றும், ஆனால் அதற்கு நிறுவல் எதுவும் அச்சில் வரவில்லை என்றும் கூறினார். ரீமன் 1866-இல் மறைந்துவிட்டார். 'ரீமனே சொன்னாராம்' என்று நாவுக்கு நா தாவி அச்செய்தி நூறாண்டுக் காலம் உலவியது. 1970-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்து மாணவர் சோசப் கெர்வர் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தார். ரீமனுடையது என்று சொல்லப்பட்ட சார்புக்குச் சில புள்ளிகளில் தொடுகோடு உண்டு! 'பெரியவர் சொன்னார்' என்பது சான்றாகாது என்று நம் மன்றங்களில் பேசும்போது, புராணத்தை மட்டும் எடுத்துக்காட்டிப் பழகிவிட்டோம். கணிதத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு கைவசம் இருக்கட்டும்.

வயர்ஸ்ட்ராசின் கோட்டை உலகம் எப்படி வரவேற்றது? பிரெஞ்சுக் கணிதர் ஹெர்மீத் 1893-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தொடுகோடில்லாத இத்தகைய சார்புகளைக் கண்டு அச்சமும் அருவருப்பும் கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதாகக் குறிப்பிட்டார். புவான்காரே என்னும் பேரறிஞர், முன்பெல்லாம் ஏதேனும் பயன்கருதிச் சார்புகளை ஆக்கினர், இப்போதோ முன்னோரின் வாதங்களில் குறை காட்டுவதற்கென்றே ஆக்குகின்றனர் என்று அலுத்துக்கொண்டார். இவர்கள் சிறியோர் அல்லர், கணிதத்தின் மலைச்சிகரங்கள். ஆனால் புவான்காரேயின் அலுப்பைத் திருப்பிப் படித்தால் நமக்கு வேண்டிய விடையே கிடைத்துவிடுகிறது. முன்னோர் சொன்னது பிழையெனக் காட்டுவது பயனில்லாத வேலையா? ஆம்பியர் காலம் தொட்டு அறுபத்தாறு ஆண்டுகள் பாடநூல்களில் பரவியிருந்த ஒரு பொய்யை ஒரே கோடு துடைத்துவிட்டது. நோய்க்கு மருந்து கண்டவனுக்குக் களஞ்சியத்தில் இடமுண்டு. பிழைக்கு மருந்து கண்ட கோட்டுக்கு இல்லையா?

'பயன் என்ன?' என்னும் கேள்வியை இன்னும் விடமாட்டார்கள். சரி, பயனையும் கணக்கிடுவோம். 1827-இல் இராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியலார், நீரில் மிதந்த மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் ஓயாமல் துள்ளித் திரிவதைக் கண்டார். 1905-இல் ஐன்சுடைன் அத்துள்ளலுக்குக் காரணம் சொன்னார்: கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் மோதுகின்றன. பெரன் என்னும் பிரெஞ்சு இயற்பியலார் அத்துகள்களின் பாதையை அளந்து, அணு என்பது கற்பனையன்று, மெய்ப்பொருள் என நிலைநாட்டினார். 1926-இல் நோபல் பரிசும் பெற்றார். 1913-இல் வெளிவந்த அணுக்களைப் பற்றிய தம் நூலில் அவர் கூறிய ஒன்றுதான் நமக்கு வேண்டியது: துகளின் பாதை கணிதர்களின் தொடுகோடில்லாக் கோடுகளை நினைவூட்டுகிறது என்றார். 1923-இல் அமெரிக்கர் நார்பர்ட் வீனர் அத்துள்ளலுக்கு முழுமையான கணிதம் வகுத்தார். 1933-இல் பேலி, சிக்மண்டு ஆகியோருடன் சேர்ந்து, அத்தகைய பாதைக்கு ஏறத்தாழ உறுதியாக எங்கும் தொடுகோடு இராது என நிறுவினார். அரக்கன் எனத் துரத்தப்பட்டது ஒரு சொட்டு நீருக்குள் இருந்தது! மண்டெல்பிரோ 1975-இல் 'பிராக்டல்' என்று பெயர்சூட்டிய உருவங்களின் குடும்பத்திலும் இதுவே மூத்தோரில் ஒன்று. பொறியின் உறுப்புகள் ஒன்றோடொன்று உரசும் இடங்களில் மேற்பரப்பின் சொரசொரப்பைக் கணக்கிடப் பொறியாளர் இன்று கையாள்வது இதன் வழிவந்த ஒரு சார்பையே.

இத்தனை பயனையும் அடுக்கிவிட்டோம். ஆனால் இதைக் காரணமாகக் காட்டி இடம் கேட்பது நமக்கு உடன்பாடன்று. 1872-க்கும் 1905-க்கும் இடையே அந்தக் கோட்டுக்கு எந்தப் பயனும் தெரியாது. அப்படியானால் 1900-இல் தொகுக்கப்பட்ட களஞ்சியத்தில் அதற்கு இடம் மறுத்திருந்தால் சரி, 1933-க்குப் பின் மறுத்தால் தவறு என்றாகுமா? கோடு மாறவில்லையே! பயன் என்பது பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி. வீட்டுக்கு உரிமை, அது ஒரு பொய்யை உடைத்தது என்பதாலும், உடைத்ததை யாரும் சரிபார்க்கலாம் என்பதாலும் வந்தது.

'அது ஒரு விதிவிலக்கு. விதியை எழுதுங்கள், விலக்கை ஓரத்தில் ஒரு வரியில் குறியுங்கள்' என்று சமரசம் பேசுவோரும் உளர். நியாயம்போலத்தான் தோன்றும். ஆனால் 1931-இல் போலந்து நாட்டுக் கணிதர் பானாக்கும் மசுர்கீவிச்சும் தனித்தனியே நிறுவியதைக் கேளுங்கள். இடைமுறிவில்லாத கோடுகள் அனைத்தையும் ஒரு திடலில் நிறுத்தினால், துல்லியமாக வரையறுத்த ஒரு பொருளில், அவற்றுள் பெரும்பான்மை எங்கும் தொடுகோடில்லாதவை! வழுவழுப்பான கோடுகள், அதாவது ஈராயிரம் ஆண்டுகளாக நாம் வரைந்தும் போற்றியும் வந்த வட்டமும் வளைவும், அத்திரளில் காண்பதற்கு அரிய சிறுபான்மை. சிலர் இடம்பிடித்துக்கொண்டு தம்மை விதி என்று அழைத்துக்கொள்வதும், பலரை விலக்கு என்று வெளியே நிறுத்துவதும் நமக்குப் புதிதன்று. ஆயினும் கணிதத்திலுமா என்று வியப்பு வரத்தான் செய்கிறது.

அப்படியானால் கண்ட கண்ட சார்புக்கெல்லாம் கதவைத் திறப்பதா? இல்லை. இங்கே நாமும் முறத்தைக் கையில் எடுக்கவேண்டியவர்களே. நாம் 13 என்று கொண்டதை 15 எனவும், 17 எனவும் மாற்றினால் ஆயிரம் புதிய கோடுகள் பிறக்கும்; ஒவ்வொன்றுக்கும் ஒருவர் தம் பெயரைச் சூட்டிக் களஞ்சிய வாயிலில் வந்து நிற்கலாம். கோயில் மண்டபத்துக் குழல்விளக்கில் 'உபயம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வெளிச்சத்தையே மறைப்போர் உண்டல்லவா? அந்த வகை. 1903-இல் சப்பானியர் தக்காகி அலைக்குப் பதிலாக இரம்பப் பல்லைப் பயன்படுத்தி மிக எளிய ஒரு கோட்டைக் கட்டினார். பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் நிறுவல் அதற்குண்டு. புதிய வெளிச்சம் அதில் இருக்கிறது. ஆகவே அதற்கு இடமுண்டு. எண்ணை மட்டும் மாற்றியவருக்கோ அந்தப் பெருங்கட்டுரைக்குள் ஒரு வரி போதும். அதுவும் வேண்டுமா என்பது ஐயமே.

தமிழில் இந்த முறத்தைப் பிடித்தவர்களை நாம் நன்றியுடன் நினைக்கவேண்டும். ஆ. சிங்காரவேலு முதலியார் என்னும் தமிழாசிரியர் ஒருவராகவே உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910-இல் வெளிவந்தது. தேவர், முனிவர், அரக்கர் என்று புராணப் பெயர்கள் அதில் நிரம்பியிருப்பதைச் சுட்டிக் குறைகூறுவது எளிது. தனியொரு மனிதரின் கைக்கு எட்டிய ஏடுகள் அவை என்பதையும் மறத்தல் ஆகாது. பின்னர் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டு, அறிவியலுக்குத் தமிழில் அகன்ற இடத்தை உண்டாக்கியது. இன்று கணினி வழியே தமிழில் களஞ்சியம் எழுதும் இளைஞர்களுக்குக் காகிதச் செலவு என்னும் தடையும் இல்லை. இருந்தும், பத்துத்தலைப் பாத்திரம் ஒன்றுக்குப் பக்கம் பக்கமாக எழுதுவதற்குக் கை தயங்குவதில்லை. முடிவில்லா அலைகள்கொண்ட ஒரு கோட்டுக்குப் பத்து வரி எழுதுவதென்றால், இது யாருக்குத் தேவை என்னும் கேள்வி எழுந்துவிடுகிறது. இராவணனை நீக்கச் சொல்லவில்லை, அவன் இருக்கட்டும். பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்காரட்டும் என்கிறோம்.

அந்தக் கட்டுரை எழுதப்படும்போது சமன்பாட்டை மட்டும் போட்டு ஓடிவிடக் கூடாது. மேலே நாம் கட்டியதைப்போல அலைமேல் அலையாக ஏற்றிக் காட்டவேண்டும். படிப்போன் தாளை எடுத்து மூன்று அலைகளையாவது தானே வரைந்து பார்க்கவேண்டும். முடியாத கதை என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் கோடு கோட்டுக்கும் பரப்புக்கும் இடைப்பட்டது. கோட்டின் பரிமாணம் 1, தாளின் பரிமாணம் 2 என்றால், நாம் கட்டிய கோட்டின் பரிமாணம் ஏறத்தாழ 1.73. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நெடுநாள் நம்பினர். நம்பிக்கை போதாதென்று உழைத்து, இவ்வகைக் கோடுகள் அனைத்துக்கும் முழு நிறுவல் கொண்டுவந்தவர் சீனக் கணிதர் வெய்சியாவ் சென். அது அச்சேறிய ஆண்டு 2018. சார்பு பிறந்து 146 ஆண்டுகள் கழித்து!

கட்டுரையின் முதற்பெயர் யாருடையதாக இருக்கவேண்டும் என்பதில்தான் நமக்கு ஒரு வழக்கு மிஞ்சியிருக்கிறது. பிராகு நகரத்தில் பெர்னார்டு போல்சானோ என்றொருவர் இருந்தார். கத்தோலிக்கப் பாதிரியார், 1805 முதல் பல்கலைக்கழகத்தில் சமயத்துறைப் பேராசிரியர். ஆயினும் மாணவர்முன் அவர் பேசியது போரின் கொடுமையையும் மனிதரின் சமத்துவத்தையும் பற்றி. ஆசுத்திரியப் பேரரசன் பொறுக்கவில்லை. 1819-இல் பதவி பறிபோனது. கருத்துகளைத் திரும்பப் பெறச் சொன்னார்கள்; மறுத்தார். நூல் வெளியிடவும் தடை. பதவியிழந்த அந்தக் காலத்தில், ஏறத்தாழ 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவர் ஒரு கோட்டைக் கட்டினார். முறியாத கோடு, ஆனால் எவ்வளவு சிறிய துண்டை எடுத்தாலும் அதனுள் தொடுகோடற்ற புள்ளிகள் இருக்கும் என்று நிறுவியும் வைத்தார். வயர்ஸ்ட்ராசுக்கு நாற்பது ஆண்டு முந்தியது அது. கையெழுத்துப்படி அச்சேறவில்லை. 1848-இல் அவர் மறைந்தார். 1920-களின் தொடக்கத்தில், அவர் விட்டுச்சென்ற தாள்களிடையே மார்ட்டின் யாசெக் என்னும் செக் நாட்டு ஆசிரியர் அதைக் கண்டெடுத்தார். அந்தக் கோட்டுக்கு எந்தப் புள்ளியிலும் தொடுகோடு இல்லை என்பதை 1922-இல் கரேல் ரிக்லிக் நிறுவினார். போல்சானோவின் நூல் 1930-இல் பிராகு நகரத்தில் அச்சேறியபோது, அதை எழுதியவர் இறந்து 82 ஆண்டுகள் ஆகியிருந்தன.